அப்டேட்டுக்குப் பிறகு காணாமல் போன புள்ளி

"அம்மாவின நினைவுக்கு" என்று அச்சாகியிருந்தது. ஒரு கவிதைத் தொகுப்பின் சமர்ப்பணப் பக்கம். 300 பிரதிகள். மெய்ப்புப் பார்த்து "சரி" என்று அனுப்பியவன் நான். கவிஞர் போனில் கோபப்படவில்லை. "பரவாயில்லை சார், அம்மா பேர்ல தப்பு இல்லையே, அது போதும்" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்த ன-வின் தலையில் புள்ளி இல்லாததை நான் ஏன் பார்க்கவில்லை என்று யோசித்தால், வழி நேராக ஒரு வெள்ளிக்கிழமை இரவுக்குப் போகிறது. பதிப்பகங்களுக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. கணினியில் லினக்ஸ் இயங்குதளம்தான், 2009-லிருந்து. அன்று இரவு மேசைக் கணினியைப் புதிய பதிப்புக்கு ஏற்றினேன். இரண்டு மணி நேரம் ஓடியது, நடுவில் சில கேள்விகள் கேட்டது, எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். சனிக்கிழமை காலை பார்த்தால் எழுத்தெல்லாம் மெலிந்து, ஈரக் காகிதத்தில் மை ஊறியது மாதிரி இருந்தது. கண்ணாடியைத் துடைத்தேன். அப்புறம் மானிட்டரைத் துடைத்தேன். இரண்டாலும் பயனில்லை. இரண்டு நாளில் கண் பழகிவிடும் என்று வேலையை ஆரம்பித்தேன். கண் பழகத்தான் செய்தது. இல்லாத புள்ளியை இருப்பதாக நினைத்துப் படிக்கவும் சேர்த்துப் பழகிவிட்டது.

ஆங்கிலத்தில் எழுத்து கொஞ்சம் மங்கினால் கண்தான் வலிக்கும். தமிழில் அர்த்தமே போய்விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 பாயின்ட் அளவு எழுத்து, 96 டிபிஐ (அங்குலத்துக்கு 96 பிக்சல்) திரையில் 13 பிக்சலுக்குக் கொஞ்சம் மேல். அந்த 13 பிக்சலில் மெய்யெழுத்தின் புள்ளிக்குக் கிடைப்பது ஒன்று, மிஞ்சினால் ஒன்றரைப் பிக்சல். அது ஒரு பிக்சல் வரிசையில் சரியாக உட்கார்ந்தால் கறுப்பாகத் தெரியும். இரண்டு வரிசைக்கு நடுவில் விழுந்தால் இரண்டிலும் பாதிப் பாதி சாம்பல். வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் என்றால், கிட்டத்தட்ட இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். "கண்" என்பதும் "கண" என்பதும் ஒன்றாகிவிடும். ர-வுக்கும் காலுக்கும் உள்ள வித்தியாசம் அடுத்துப் போகும்.

கவிஞரின் போன் வந்த அன்று மாலை பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகனைக் கூப்பிட்டேன். "மாமா, ஹோம் ஃபோல்டரை பேக்கப் எடுத்துட்டு ஃப்ரெஷ்ஷா போட்டுருங்க, ஒரு மணி நேர வேலை" என்றான். அவன் வயதில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அந்த யோசனையைக் கேட்டிருந்தால் என் சிக்கலில் ஒரு பகுதி தீர்ந்திருக்கும். மீதி பேக்கப்போடு பத்திரமாகத் திரும்பி வந்திருக்கும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எங்கள் பெரியப்பா ஓர் அச்சகத்தில் அச்சுக்கோப்பவராக இருந்தார். பக்கம் சரியாக வரவில்லை என்றால் நேராக மெஷினிடம் போகமாட்டார். எழுத்துப் பெட்டியில் தப்பான எழுத்தை எடுத்தோமா, எடுத்ததைக் கோத்ததில் தப்பா, மை ஒட்டியதில் தப்பா, காகிதத்தில் தப்பா என்று வரிசையாகப் போவார். திரையில் எழுத்து வருவதும் இதே வரிசைதான். எந்த எழுத்துருவை எடுப்பது என்று முடிவு செய்வது ஃபான்ட்கான்ஃபிக். கீத் பேக்கார்டு தொடங்கிவைத்த மென்பொருள் அது. க, கொம்பு, கால் என்று வரும் குறிகளை "கொ" என்று முன்னும் பின்னும் கோத்து நிறுத்துவது ஹார்ஃப்பஸ். பாரசீகத்தில் திறந்த எழுத்து என்று பொருள்படும் பெயர். கோத்ததைப் பிக்சலாக வரைவது ஃப்ரீடைப். வரைந்ததை நீட்டியோ சுருக்கியோ திரைக்கு அனுப்புவது டெஸ்க்டாப். இதில் எந்த இடத்தில் கோளாறு என்று தெரியாமல் அமைப்புகளைத் திருகினால் இருக்கிற குழப்பத்தின் மேல் இன்னொரு குழப்பம் ஏறும். நானும் முதல் நாள் அப்படித்தான் திருகினேன். ஹின்டிங்கை (எழுத்தின் கோடுகளைப் பிக்சல் வரிசையோடு பொருத்துவது) மாற்று, ஆன்டிஅலையாஸிங்கை (ஓரத்தில் சாம்பல் கலந்து மழுப்புவது) மாற்று, வெளியேறு, உள்ளே வா. ராத்திரி பதினொன்றுக்கு, காலையில் எப்படி இருந்தது என்பதே மறந்து போயிருந்தது.

மறுநாள் ஒழுங்காக ஆரம்பித்தேன். முதலில் ஒரு சோதனை வரி. "கொக்கு ஸ்ரீரங்கம் பக்ஷி கண் கண" என்று ஒரு கோப்பில் அடித்து, நான் தினமும் தொடுகிற ஒவ்வொரு மென்பொருளிலும் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். கொ பிரிந்து நின்றாலோ, ஸ்ரீ உடைந்து தெரிந்தாலோ கோக்கிற இடத்தில் பிரச்சினை. அல்லது அந்த எழுத்துருவிலேயே அந்தக் கூட்டெழுத்து இல்லை. ஸ்ரீ விஷயத்தில் ஒரு சங்கடமும் உண்டு. ஸ-வில் ஆரம்பிக்கும் ஸ்ரீ ஒன்று, 2005-ல் யூனிகோடு 4.1-இல் சேர்ந்த ஶ-வில் ஆரம்பிக்கும் ஶ்ரீ ஒன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், தேடினால் ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காது. அது மெய்ப்புத் திருத்துபவனின் வேறொரு தலைவலி, இங்கே வேண்டாம். எனக்கு எல்லா இடத்திலும் எழுத்துகள் சரியாகக் கோத்து நின்றன. அப்படியானால் ஹார்ஃப்பஸ் நல்ல பிள்ளை, விட்டுவிடலாம்.

அடுத்து அந்தப் படங்களை ஜிம்ப் என்ற பட மென்பொருளில் திறந்து 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன். ஏமாறாமல் இருக்க வேண்டுமானால் இந்த ஒரு வேலையைச் செய்யுங்கள், கண்ணை நம்பாதீர்கள். எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரி வெறும் கறுப்பாக இருந்தால் ஆன்டிஅலையாஸிங் இல்லை. சாம்பல் படிகளாக இருந்தால் கிரேஸ்கேல். ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாகத் தெரிந்தால் சப்பிக்சல், அதாவது ஒரு பிக்சலுக்குள் இருக்கும் வண்ணக் கோடுகளைத் தனித்தனியாகப் பயன்படுத்தும் முறை. ஓரம் மட்டுமல்லாமல் மொத்த எழுத்துமே கரைந்து, நடுத்தண்டில்கூட முழுக் கறுப்பு இல்லையென்றால், வரைந்து முடித்த படத்தை யாரோ இழுத்து நீட்டியிருக்கிறார்கள். அதே ஸ்கிரீன்ஷாட்டை செல்போனுக்கு அனுப்பியும் பார்க்கலாம். அங்கே கூர்மையாக இருந்து உங்கள் மானிட்டரில் மட்டும் மங்கினால் மென்பொருளைத் தொடவே வேண்டாம், கேபிளையும் மானிட்டரின் அமைப்பையும் பாருங்கள். நண்பர் ஒருவர் டிவியை மானிட்டராக வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் எழுத்துருவை மாற்றிக்கொண்டிருந்தார். டிவி நிறத் தகவலைக் குறைத்து வாங்கிக்கொண்டிருந்தது. ரிமோட்டில் பிசி மோடு என்று ஒன்றை அழுத்தியதும் தீர்ந்தது.

என் படங்களில் மூன்று விதமான நோய் தெரிந்தது. மெனுக்களில் தமிழ் மெலிந்து, பழைய பாடப்புத்தக எழுத்துபோல இருந்தது. நான் பக்கம் பார்க்கும் பழைய மென்பொருளில் எழுத்து முழுக்கக் கரைந்திருந்தது. இன்னும் சிலவற்றில் ஓரமெல்லாம் சிவப்பும் நீலமும். ஒரே நோய் என்று நினைத்து ஒரே மருந்தைத் தேடியதால்தான் முந்தின நாள் முழுக்க வீணானது.

அடுத்த சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கைத் தொடங்கி, எந்த அமைப்பையும் தொடாமல் அதற்குள் போய் அதே சோதனை வரியைப் பார்ப்பது. அங்கேயும் அதே கோளாறு என்றால் அது கணினி முழுதுக்குமானது. அங்கே சரியாக இருந்தால் குற்றவாளி உங்கள் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் ஹோம் கோப்புறையில் ஒளிந்திருக்கிறான். புதுக் கணக்கில் மெலிந்த தமிழ் அப்படியே இருந்தது. சிவப்பு நீலம் இல்லை. கரைசலும் இல்லை, ஆனால் எல்லா எழுத்தும் பொடியாக இருந்தது. பொடியாகவும் கூர்மையாகவும் இருந்ததைச் சேர்த்து யோசிக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

மெலிந்த தமிழை முதலில் எடுத்துக்கொண்டேன். டெர்மினலில் எஃப்சி-மேட்ச் என்று ஒரு கட்டளை உண்டு. "தமிழ் கேட்டால் எந்த எழுத்துருவைக் கொடுப்பாய்?" என்று ஃபான்ட்கான்ஃபிக்கிடம் கேட்பது அது. எஃப்சி-மேட்ச் சான்ஸ்:லாங்=டிஏ என்று கொடுத்தால் போதும், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில். இத்தனை வருடம் அங்கே லோஹித் தமிழ் என்று வரும். இப்போது ஃப்ரீசெரிஃப் என்று வந்தது. ஃப்ரீசெரிஃப் பல மொழி எழுத்துகளையும் ஒரே கோப்பில் சுமக்கிற எழுத்துரு. ஆபத்துக்கு உதவும், தினமும் எட்டு மணி நேரம் உற்றுப் பார்க்க ஏற்றதல்ல. கேட்டது கிடைக்காதபோது ஃபான்ட்கான்ஃபிக் சும்மா இருக்காது. கையில் இருப்பவற்றில் தமிழ் தெரிந்த ஏதோ ஒன்றைக் கொடுத்துவிடும், நம்மிடம் சொல்லாமல்.

லோஹித் எங்கே போனது? டெபியன் வகை லினக்ஸ் கணினிகளில் வார் கோப்புறைக்குள் லாக், அதற்குள் ஆப்ட், அதற்குள் ஹிஸ்டரி.லாக் என்று ஒரு கோப்பு இருக்கும். எந்த நாள், எந்த நேரம், எந்தக் கட்டளையில் எது வந்தது, எது போனது என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்த வெள்ளிக்கிழமை இரவுக்கு நேராக, நீக்கப்பட்டவை வரிசையில், லோஹித்தின் தமிழ்ப் பொதியும் (பேக்கேஜ்) இருந்தது. மேலே கட்டளை: ஆட்டோரிமூவ். "இவை இனி தேவையில்லை, நீக்கலாமா?" என்று கேட்டிருக்கிறது. நான் தூக்கக் கலக்கத்தில் ஒய் அழுத்தியிருக்கிறேன். வேறொரு பொதியின் துணையாக வந்து ஒட்டிக்கொண்டிருந்த எழுத்துரு அது. அந்தப் பொதி போனதும் இதற்கு ஆளில்லை என்று கணக்கில் சேர்ந்துவிட்டது. மறுபடி நிறுவினேன், இந்த முறை அதன் பெயரைச் சொல்லி. பெயர் சொல்லி நிறுவியதை ஆட்டோரிமூவ் தொடாது. உங்களுக்குத் தேவையான எழுத்துருக்களை எல்லாம் இப்படிப் பெயர் சொல்லி ஒருமுறை நிறுவிவிடுங்கள், ஏற்கனவே இருந்தாலும் சரி.

லோஹித் என்றால் சிவப்பு. ரெட் ஹாட் 2004-ல் வெளியிட்ட இந்திய மொழி எழுத்துரு வரிசை என்பதால் அந்தப் பெயர். அழகு என்று சொல்லமாட்டேன். அச்சுக்கு யாரும் அதை வைப்பதில்லை. ஆனால் திரையில் பொடி அளவில் புள்ளி தெரிகிறது, எனக்கு அது போதும். நோட்டோ சான்ஸ் தமிழ் இன்னும் லட்சணமானது. அதையும் வைத்திருக்கிறேன், பெரிய அளவில் படிக்க.

இரண்டாவது, கரைசல். புதுக் கணக்கில் எழுத்து பொடியாக இருந்ததுதான் துப்பு. என் கணக்கில் பெரிதாக இருக்கக் காரணம் என்ன? டிஸ்ப்ளே அமைப்பைத் திறந்து பார்த்தால் ஸ்கேல் 125 சதவீதம். யார் வைத்தது? நான்தான். அப்டேட் முடிந்த இரவு, பழைய பதிப்பில் எனக்குத் தெரியாத 125 என்ற பொத்தான் புதிதாகக் கண்ணில் பட்டது. "அட, நல்லதாப் போச்சு" என்று அழுத்திவிட்டு மறந்துவிட்டேன்.

இதற்குப் பின்னால் நடப்பது இதுதான். புதிய பதிப்பு, திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய ஏற்பாடான எக்ஸ்11-ஐ விட்டு, புதிய ஏற்பாடான வேலண்டில் திறந்திருக்கிறது. வேலண்ட் தெரிந்த மென்பொருளிடம் "125-க்கு வரைந்து கொடு" என்று சொன்னால் வரைந்து கொடுக்கும். என்னுடையது போன்ற பழைய மென்பொருளுக்கு வேலண்ட் தெரியாது, எக்ஸ்வேலண்ட் என்ற மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் பேசும். நான் இருக்கும் க்னோம் டெஸ்க்டாப்பில் அது 100 சதவீதத்தில் வரைந்து கொடுக்கும், டெஸ்க்டாப் அந்தப் படத்தை ரப்பர் மாதிரி ஒன்றேகால் மடங்கு இழுக்கும். நான்கு பிக்சல் ஐந்தாக வேண்டும். ஐந்தாவது பிக்சலுக்கு எங்கே போவது? பக்கத்தில் இருப்பவற்றைக் கலந்துதான் செய்ய வேண்டும். புள்ளிக்கு இருந்த அந்த ஒன்றரைப் பிக்சலும் அதில் கரைந்தது. சமர்ப்பணப் பக்கத்தை நான் பார்த்தது இந்தச் சாளரத்தில்தான்.

எந்த மென்பொருள் எக்ஸ்வேலண்டில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க வேடிக்கையான வழி ஒன்று உண்டு. எக்ஸ்-ஐஸ் என்று பழைய காலத்துப் பொம்மை நிரல். திரையில் இரண்டு கண்கள் முழித்துக்கொண்டிருக்கும், சுட்டி போகும் பக்கமெல்லாம் பார்க்கும். வேலண்டில் அதற்குப் பாதிக் குருடு. சுட்டி எக்ஸ்வேலண்ட் சாளரத்தின் மேல் போனால் கண் நகரும், வேலண்ட் சாளரத்தின் மேல் போனால் அப்படியே நின்றுவிடும். ஒவ்வொரு சாளரமாகச் சுட்டியைக் கொண்டுபோனேன். கோப்பு மேலாளர் மேல் போனபோது கண் அசையவில்லை. பிரவுசர் மேலும் அசையவில்லை. என் பழைய மென்பொருளின் மேல் சுட்டி ஏறியதும் இரண்டு கண்ணும் டக்கென்று திரும்பின. அன்று அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பாதிக் கோபம் போய்விட்டது.

தீர்வு எளிது. ஸ்கேலை 100-க்குத் திருப்பிவிட்டு, எழுத்தை மட்டும் பெரிதாக்கும் அமைப்பை 1.25 ஆக்கினேன். ட்வீக்ஸ் செயலியில் எழுத்துருப் பகுதியிலேயே இருக்கிறது. இப்போது எழுத்து முதலிலேயே பெரிதாக வரையப்படுகிறது, யாரும் இழுப்பதில்லை. பொத்தானும் படமும் சிறிதாகவே இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நுழைவுத் திரையில் பல்சக்கரத்தை அழுத்தி எக்ஸ்11-க்கே திரும்பிப் போவதும் ஒரு வழிதான், ஆனால் அந்த வாசல் எவ்வளவு நாள் திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. க்னோம் 49-இல் எக்ஸ்11 அமர்வை இயல்பிலேயே அணைத்துவிட்டார்கள். உங்களிடம் அடர்த்தி மிகுந்த திரை இருந்தால் 200 சதவீதம் வையுங்கள். ஒரு பிக்சல் சரியாக நான்காகும், பாதிப் பிக்சல் தொல்லை வராது. என்னுடையது 24 அங்குலத்தில் 1920-க்கு 1080, அங்குலத்துக்கு 92 பிக்சல்தான். அதில் 200 வைத்தால் நான்கு சன்னலுக்குப் பதில் ஒரு சன்னல்தான் திறக்க முடியும்.

மூன்றாவதுதான் எனக்குப் பாடம். சிவப்பு நீல ஓரம். புதுக் கணக்கில் அது இல்லை, ஆக ஹோமில்தான் எங்கோ. டாட் கான்ஃபிக் கோப்புறைக்குள் ஃபான்ட்கான்ஃபிக், அதற்குள் ஃபான்ட்ஸ்.கான்ஃப் என்று ஒரு கோப்பு. திறந்தால் முதல் வரியில் என் கையாலேயே எழுதிய குறிப்பு: "நெட்புக்குக்கு, 2012". 10 அங்குலத் திரை கொண்ட ஒரு சின்ன மடிக்கணினி வைத்திருந்தேன் அப்போது. அது காயலான் கடைக்குப் போய் வருடங்கள் ஆகின்றன. கோப்பு மட்டும் ஹோம் கோப்புறையோடு கணினிக்குக் கணினி குடிபெயர்ந்து வந்திருக்கிறது. அக்கா மகன் சொன்னபடி செய்திருந்தால் இதுவும் பேக்கப்பில் ஏறி ஐந்தாவது கணினிக்கும் வந்திருக்கும்.

அந்தக் காலத்தில் அப்படிச் செய்ததற்குக் காரணம் இருந்தது. எழுத்துருவுக்குள்ளேயே வரும் ஹின்டிங் கட்டளைகளை இயக்குவதில் ஆப்பிளின் காப்புரிமை 2010 வரை குறுக்கே நின்றது. அது முடிந்த பிறகுதான், அந்த ஆண்டு வந்த ஃப்ரீடைப் 2.4-இல், அந்த வசதி இயல்பாகவே திறந்துவிடப்பட்டது. சப்பிக்சல் விஷயத்தில் மைக்ரோசாஃப்ட்டின் கிளியர்டைப் காப்புரிமைகள் 2019 வரை இழுத்தன. நடுவில், 2017-ல் வந்த 2.8.1-இல், ஹார்மனி என்று காப்புரிமையைத் தொடாத வேறொரு வழியை ஃப்ரீடைப்காரர்களே செய்துகொண்டார்கள். ஆக 2012-ல் லினக்ஸ் வைத்திருந்தவர்கள் எல்லாரும் எழுத்துக்கு ஏதாவது கைவைத்தியம் செய்துகொண்டுதான் இருந்தோம். என் வைத்தியம் இது: ஆட்டோஹின்ட் (எழுத்துருவின் கட்டளைகளை விட்டு ஃப்ரீடைப்பே கணித்துப் பொருத்துவது) ஆமாம், ஹின்டிங் முழுமை, சப்பிக்சல் ஆர்ஜிபி. நோயாளி போய்விட்டார், மருந்து மட்டும் பதின்மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

இதில் ஆர்ஜிபி ஏன் ஓரத்தைச் சிவப்பாக்குகிறது? எல்சிடி திரையில் ஒரு பிக்சல் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மூன்று கோடுகள். சப்பிக்சல் முறை அந்த மூன்றையும் தனித்தனியாகப் பயன்படுத்தி, கிடைமட்டத்தில் மூன்று மடங்கு நுணுக்கம் வாங்குகிறது. நானோ முழுப் பக்கம் தெரிய வேண்டும் என்று மானிட்டரை நெட்டுக்குத்தலாகத் திருப்பி வைத்திருப்பவன். பிக்சலும் சேர்ந்து திரும்பிவிட்டது. கோடுகள் இப்போது ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கின்றன. மென்பொருள் இடது வலதாக நினைத்து வண்ணம் பூசுகிறது. நுணுக்கமும் இல்லை, வண்ணக் கறை மட்டும் மிச்சம்.

இன்னொன்று. இது அப்டேட்டால் வந்ததே அல்ல. சந்தேகம் வந்து, ஆறு மாதத்துக்கு முன் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பிய பழைய ஸ்கிரீன்ஷாட்டைத் தேடி எடுத்து 800 சதவீதத்தில் பார்த்தேன். அதே சிவப்பு, அதே நீலம். மானிட்டரைத் திருப்பிய நாளிலிருந்து அது அங்கேதான் இருந்திருக்கிறது. அப்டேட் செய்தது, என்னை உற்றுப் பார்க்க வைத்தது மட்டும்.

அந்தக் கோப்பை அழிக்கவில்லை, பெயரை மாற்றினேன். பெயர் மாற்றிவிட்டு வெளியேறி உள்ளே வந்தால் போதும். சரிப்படவில்லை என்றால் திரும்பப் பெயரை வைத்துக்கொள்ளலாம். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் தொடங்கும்போது படித்த அமைப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். மாற்றிவிட்டு அதே சாளரத்தைப் பார்த்து "ஒன்றும் ஆகவில்லையே" என்று முதல் நாள் நான் ஏமாந்தது இதில்தான். புது எழுத்துரு போட்ட பிறகு எஃப்சி-கேஷ் கட்டளையை ஒருமுறை ஓட்டுவதும் நல்லது.

பிறகு புதிதாகச் சின்னக் கோப்பாக ஒன்று எழுதினேன். ஹின்டிங் ஸ்லைட் (லேசானது), ஆட்டோஹின்ட் வேண்டாம், சப்பிக்சல் இல்லை. ஹின்டிங் இல்லாமல், ஸ்லைட்டில், முழுமையில் என்று மூன்றையும் 11 பாயின்ட் அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முழுமையில் ஐ-யின் சுழி அடைபட்டது, ண-வின் வளைவுகள் ஒன்றோடொன்று ஒட்டின. ஒன்றுமே இல்லாமல் வைத்தால் வடிவம் அழகு, ஆனால் புள்ளி மங்கல். ஸ்லைட் மேல்கீழாக மட்டும் பிக்சல் வரிசையோடு பொருத்துகிறது, அகலத்தைத் தொடுவதில்லை. புள்ளி ஒரு வரிசையில் உட்கார்ந்தது. உங்கள் எழுத்துருவுக்கு வேறு மாதிரி வரலாம், பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் உட்பட.

எழுத்துரு வரிசையைச் சொல்லும் இடத்தில் ஒரு முறை சறுக்கினேன். சான்ஸ் வகை என்றால் முதலில் முக்தா மலர் என்ற தமிழ் எழுத்துருவை எடு என்று எழுதிவிட்டேன். கணினி முழுக்க ஆங்கிலமும் முக்தா மலரிலேயே வந்தது. அதற்குள் லத்தீன் எழுத்துகளும் இருக்கின்றனவே. முதலில் ஆங்கிலத்துக்கான எழுத்துரு, அடுத்து தமிழுக்கானது என்று வரிசை வைத்தால் சரியாகிவிடும். ஆங்கிலத்துக்கு வைத்த டெஜாவூ சான்ஸில் தமிழ் கிடையாது, அதனால் தமிழ் வந்ததும் அடுத்த பெயருக்குத் தானாக இறங்கும்.

பிரவுசர் மட்டும் இதற்கெல்லாம் மசியவில்லை. அப்டேட்டோடு அதையும் ஃப்ளாட்பேக் என்ற வகைப் பொதியாக மாற்றியிருந்தேன், அது தனிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. நம் எழுத்துருக்கள் அதற்குத் தெரியும், ஆனால் டாட் கான்ஃபிக்கில் இருக்கும் நம் கோப்பை அது படிக்காது. ஹோமில் டாட் வார், ஆப் என்று போய், அந்தப் பிரவுசரின் கோப்புறைக்குள் கான்ஃபிக், அதற்குள் ஃபான்ட்கான்ஃபிக் என்று உருவாக்கி அதே கோப்பின் நகலை வைத்தேன். கேட்டது.

தீராதது ஒன்று இருக்கிறது. ஜிடிகே 4 என்ற கருவித் தொகுப்பில் எழுதப்பட்ட புதிய செயலிகளில் சப்பிக்சல் முறையே கிடையாது, எல்லாம் கிரேஸ்கேல்தான். மேக்கிலும் 2018-ல் மொஹாவி பதிப்போடு அதை எடுத்துவிட்டார்கள். எனக்குத் திரும்பிய மானிட்டர் என்பதால் நஷ்டமில்லை, நேராக வைத்திருப்பவர்களுக்கு மங்கலாகத் தெரியும். அமைப்பில் தேடி நேரம் வீணாக்க வேண்டாம். ஹோமின் டாட் கான்ஃபிக்கில் ஜிடிகே-4.0 கோப்புறைக்குள் செட்டிங்ஸ்.ஐஎன்ஐ கோப்பில் ஜிடிகே-ஹின்ட்-ஃபான்ட்-மெட்ரிக்ஸ் என்பதை 1 ஆக்கினால் எழுத்து இடைவெளி கொஞ்சம் ஒழுங்காகும். 4.16-இலிருந்து, இதோடு ஜிடிகே-ஃபான்ட்-ரெண்டரிங் என்பதை மேனுவல் என்றும் வைக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் சொன்னதை அது கண்டுகொள்ளாது.

இப்போது பதிப்பு ஏற்றுவதற்கு முன் சோதனை வரியை நான்கு மென்பொருளில் திறந்து படம் எடுத்துவைக்கிறேன். எஃப்சி-மேட்ச் சொல்லும் பதிலை ஒரு கோப்பில் போட்டு, தேதியோடு பென்டிரைவில் வைக்கிறேன். ஃபான்ட்ஸ்.கான்ஃபின் தலையில், எந்த மானிட்டருக்கு, ஏன் என்று இரண்டு வரி. ஆட்டோரிமூவ் கேட்டால் பட்டியலைப் படித்துப் பார்க்கிறேன், காலையில், காபிக்குப் பிறகு.

கவிஞருக்கு மீதமிருந்த பிரதிகளுக்காக ஒட்டுச்சீட்டு அடித்துக் கொடுத்தேன், என் செலவில். "அம்மாவின்". அந்த ஒரு சொல்லை 11 பாயின்ட்டில், 14 பாயின்ட்டில், 800 சதவீதத்தில் பார்த்துவிட்டுத்தான் அச்சுக்கு விட்டேன்.